பிபிஏ படிக்க வைக்கப் போகிறீர்களா? கணக்குப் பாடக் குறியீட்டின் கடைசி எழுத்தைப் பாருங்கள்

கனடாவிலிருந்து லீவில் பந்தலூர் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, மழை விட்டபாடில்லை. இருந்தாலும் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டேதான் இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே கேள்வி: "அண்ணே, குடும்பத்தோட டொராண்டோ போறோம், பிள்ளை பத்தாவது முடிச்சிருச்சு, அங்க பிபிஏ சேக்கணும், என்ன செய்யணும்?" ஒவ்வொருத்தருக்கும் டீ போட்டுக் கொடுத்துச் சொல்லி மாளவில்லை, எழுதியே விடுகிறேன். பிஆர், அதாவது அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கிக் குடும்பத்தோடு போகிறவர்களுக்குத்தான் இது.

சின் நம்பர் (வேலைக்கும் வரிக்கும் வேண்டிய அரசு எண்), ஹெல்த் கார்டு, பேங்க் கணக்கு எல்லாம் போய் இறங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் முடிகிற வேலை, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பள்ளியில் சேர்க்கும்போது இங்கிலீஷுக்கும் கணக்குக்கும் ஒரு சின்னப் பரீட்சை வைப்பார்கள், பயப்பட ஒன்றுமில்லை. அதற்கு அப்புறம் கவுன்சிலர் உட்கார்ந்து பாடம் போட்டுத் தருவார் பாருங்கள், நான் கோட்டை விட்டது அங்கேதான்.

நம்மூரில் பிளஸ் ஒன்னில் குரூப் எடுத்தால் முடிந்தது. கணக்கே இல்லாத காமர்ஸ் குரூப் எடுத்த பிள்ளைகூட கோயம்புத்தூரில் பிபிஏ சேர்ந்துவிடும். டொராண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் குரூப் கிடையாது, பாடம் பாடமாக எடுக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட், அதாவது குறியீடு. அதன் கடைசி எழுத்து யூ என்றால் யுனிவர்சிட்டிக்கு, சி என்றால் காலேஜுக்கு, எம் என்றால் இரண்டுக்கும். காலேஜ் என்றதும் நம்ம காலேஜ் என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே காலேஜ் என்றால் பெரும்பாலும் டிப்ளமோதான்.

என் மகள் பத்தாவதில் கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவள். "என்ன படிக்கப் போகிறாய்?" என்று கவுன்சிலர் கேட்டார், "பிசினஸ்" என்றாள். "அப்படியென்றால் இந்தக் கணக்கு போதும்" என்று பதினொன்றாவதுக்கு எம்சிஎஃப்3எம் என்ற கணக்குப் பாடத்தைப் போட்டுக் கொடுத்தார். பிபிஏவுக்கு எதற்குப் பெரிய கணக்கு என்று நானும் தலையாட்டினேன். டைம்டேபிளை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்தோம். அந்த 'எம்' ஒரு வருஷம் என் கண்ணெதிரே தொங்கியது, ஒரு நாள்கூட உறுத்தவில்லை. என் தாத்தா 1964 ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்து டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் கைநாட்டு வைத்த கதையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். டிகிரி படித்த நான் அதையே கையெழுத்தாகப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பன்னிரண்டாவதில் டேட்டா மேனேஜ்மென்ட் என்ற கணக்குப் பாடம் எடுத்தாள், எம்டிஎம்4யூ. கடைசியில் யூ இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தோம். நவம்பரில் ஒரு ராத்திரி யுனிவர்சிட்டி பக்கத்தைத் திறந்த லேப்டாப்போடு வந்து நின்றாள். "அப்பா, இங்க கால்குலஸ் கேக்குறாங்க."

கால்குலஸ் என்பது எம்சிவி4யூ. அதை எடுக்க எம்எச்எஃப்4யூ என்ற இன்னொரு பன்னிரண்டாவது கணக்கு வேண்டும், அதற்குப் பதினொன்றில் எம்சிஆர்3யூ முடித்திருக்க வேண்டும், எங்கள் எம்சிஎஃப்3எம் செல்லாது. அடிப்படியிலேயே தவறவிட்டிருந்தோம். கோடையில் சம்மர் ஸ்கூல், அப்புறம் அதே பள்ளியில் இன்னொரு வருஷம். இங்கே அவளோடு படித்த பிள்ளைகள் பிபிஏ முதல் வருஷம் முடித்து வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே மூன்று வருஷத்தில் முடிகிற படிப்பு ஒன்டாரியோவில் நான்கு வருஷம் என்பதால் அந்த ஒரு வருஷம் இரண்டாகத் தெரிந்தது எங்களுக்கு.

எல்லா இடமும் ஒரே மாதிரி கேட்பதில்லை. டொராண்டோ யுனிவர்சிட்டியின் ராட்மன் காமர்ஸ் என்ற பிசினஸ் படிப்புக்கு கால்குலஸ் வேண்டும். குவீன்ஸ் யுனிவர்சிட்டி காமர்ஸில் கால்குலஸோடு இன்னொரு கணக்கும் கேட்பார்கள். யார்க் யுனிவர்சிட்டியின் பிசினஸ் ஸ்கூலான ஷூலிக்கில் இரண்டு கணக்கு. டொராண்டோ மெட்ரோபாலிட்டன் யுனிவர்சிட்டியில் யூ கணக்கு ஒன்று இருந்தால் போதும், டேட்டா மேனேஜ்மென்ட்டும் செல்லும். அங்கேயே சேர்த்திருக்கலாமே என்று மச்சான் இப்போதும் கேட்கிறான், ஆனால் அவள் மனசு வேறு இடத்தில் இருந்தது. வெஸ்டர்ன் யுனிவர்சிட்டியின் பிசினஸ் ஸ்கூலான ஐவி வேறு மாதிரி, முதல் இரண்டு வருஷம் வேறு படிப்பு படித்துவிட்டு மூன்றாவது வருஷம்தான் உள்ளே போக முடியும். நிபந்தனைகளை மாற்றுவார்கள், அதனால் பிள்ளை ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கும்போதே அந்தந்த யுனிவர்சிட்டி பக்கத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள்.

எங்கே போட்டாலும் பன்னிரண்டாவதில் யூ அல்லது எம் பாடம் ஆறு வேண்டும், அதில் ஈஎன்ஜி4யூ இங்கிலீஷ் கட்டாயம். புதிதாக வந்த பிள்ளையை முதலில் ஈஎஸ்எல் (இங்கிலீஷ் தாய்மொழி இல்லாத பிள்ளைகளுக்கான) வகுப்பில் போட்டால், அதிலிருந்து ஈஎன்ஜி4யூ வரைக்கும் எத்தனை படி என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். விண்ணப்பம் ஓயுஏசி என்ற பொது விண்ணப்ப மையம் வழியாக, ஜனவரி பாதிக்குள். மார்க்கை மட்டும் நம்பி உட்காரவும் முடியாது. ராட்மன், ஷூலிக், குவீன்ஸ் மாதிரி இடங்களில் பிள்ளை தனியாகக் கட்டுரை எழுத வேண்டும், கேமரா முன்னால் பேசவும் வேண்டும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் ஆபீஸ் வாசலில் நிற்கிற கதை அங்கே நடக்காது. அந்தக் கேமராவுக்காகக் குளியலறைக் கண்ணாடி முன்னால் இரண்டு வாரம் பேசிப் பார்த்தாள் என் மகள், வெளியே நான் வேலைக்கு நேரமாகிறது என்று கதவைத் தட்டிக்கொண்டிருப்பேன்.

பாடம் தப்பாகப் போட்டிருந்தால் செமஸ்டர் தொடங்கிய முதல் சில நாளிலேயே போய் மாற்றச் சொல்லுங்கள். "யுனிவர்சிட்டி மேத்ஸ், எம்சிஆர்3யூ" என்று பாடத்தின் கோட் சொல்லியே கேளுங்கள். புது இடம், வாத்தியார் தப்பாக நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம். நான் தயங்கினேன்.