இரத்தம் தெரியும் வரை காத்திருக்காதீர்கள்

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட் வாசலில் கிடந்த நாய்க்குட்டியை எடுத்து வளர்த்தபோது, 'ஏதோ சமிக்கவில்லை போல' என்று ஒன்றரை நாளை வீணாக்கியவன் நான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் நோயை இரத்த வயிற்றோட்டத்துக்கு முன்னரே பிடிக்க வேண்டும்.

கிருமி தொற்றி பெரும்பாலும் 3 முதல் 7 நாளில் தொடங்கும். ஆரம்பத்தில் சத்தியும் இருக்காது, வயிற்றோட்டமும் இருக்காது. கூப்பிட்டால் வாலை மட்டும் அசைக்கும், சாப்பாட்டை மோந்துவிட்டுப் போய்ப் படுத்துவிடும். 6 கிழமைக்கும் 6 மாதத்துக்கும் இடைப்பட்ட குட்டி இப்படி ஒரு நேரச் சாப்பாட்டை விட்டுச் சோர்ந்தாலே காய்ச்சல் பாருங்கள். டிஜிட்டல் தேர்மோமீட்டர் நுனியில் வஸலின் பூசி ஆசனவாயில்தான் வைக்க வேண்டும், கொழும்பு வெக்கையில் மூக்கையும் காதையும் தொட்டுப் பார்த்து ஒன்றும் தெரியாது. 102.5 பாகை பரனைட்டுக்கு மேல் போனால் சந்தேகப்படுங்கள். குறைவு என்று நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள், நிலைமை மோசமானால் உடம்பு குளிர்ந்துபோகும். அப்புறம் பல் முரசை விரலால் அழுத்தி விடுங்கள், 2 செக்கனுக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். வெளிறி, பிசுபிசுப்பாக இருந்தால் உடம்பில் நீர் வற்றுகிறது.

கண்ணில் பீளை, மூக்கில் சளி, இருமல் என்று தொடங்கினால் டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோயாகவும் இருக்கலாம். வலிப்பு பிந்தித்தான் வரும், அதுவரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

பார்வோவுக்கு மலத்தில் செய்யும் டெஸ்ட் கிட் 10 நிமிடம் அளவில் விடை சொல்லும். ஆனால் முதல் நாளில் நெகட்டிவ் வந்தாலும் குட்டி தேறவில்லை என்றால் திரும்பச் செய்யச் சொல்லுங்கள், வெள்ளை அணு குறைகிறதா என்று இரத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அண்மையில் தடுப்பூசி போட்டிருந்தால் அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும், அதனாலும் சில நேரம் பொசிட்டிவ் காட்டும். 'ஒரு ஊசி போட்டாச்சே' என்பது சமாதானம் இல்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியை வேலை செய்ய விடாது, அதனால்தான் 16 கிழமை வரைக்கும் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

பனடோல் கொடுக்கவே கூடாது. சத்தி எடுக்கும் குட்டிக்கு ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் குடிக்கும் உப்புக் கரைசல்) ஊற்றிக்கொண்டு வீட்டில் வைத்திருப்பதும் வேண்டாம், அதற்குச் சேலைன் வேண்டும்.

மிருக வைத்தியருக்கு முதலில் கோல் எடுத்துச் சொல்லிவிட்டு, கூப்பிடும் வரை ஓட்டோவிலேயே இருங்கள், அங்கே மற்றக் குட்டிகளும் இருக்கும். வீட்டுத் தரையை நன்றாகக் கழுவிய பிறகு, 1 பங்கு புளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் ஊற விடுங்கள், டெட்டோல் இந்தக் கிருமிக்குப் போதாது.