கொப்பி அடிக்காமல் கம்பஸ் சோதனை எழுதுவது எப்படி?

சோதனையில் பார்த்தெழுதத் துண்டுக் காகிதத்தில் பதில் எழுதிக்கொண்டு போகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் பயந்தவர்கள்தான், களவுப் புத்திக்காரர்கள் குறைவு. விடிந்தால் சோதனை, மூன்று பாடம் இன்னும் திறக்கவே இல்லை, பக்கத்துக் கட்டிலில் ஒருவர் சின்னச் சின்ன எழுத்தில் எதையோ எழுதிக்கொண்டிருக்கிறார் என்றால் யாருக்கும் கை துறுதுறுக்கும். அதனால் படிப்பை ஒரு வாரம் முன்னாலேயே தொடங்குங்கள்.

தோட்டப் பாடசாலையில் தமிழில் உயர்தரம் எடுத்துவிட்டு, பேராதனையிலோ பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலோ ஆங்கில மொழிமூலப் பட்டத்துக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு. விடயம் நன்றாகத் தெரியும், ஆனால் வசனம் வராது, யாரோ சீனியர் எழுதிவைத்த பதிலை அப்படியே கொண்டுபோனால் என்ன என்று தோன்றும். அந்தப் பதிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாடத்துக்குப் பத்துக் கலைச்சொல் எடுத்து, ஒவ்வொன்றையும் உங்களுக்கு வருகிற ஆங்கிலத்திலேயே நாலு வரியில் எழுதிப் பழகுங்கள். இலக்கணப் பிழைக்குப் புள்ளி வெட்டுவார்களா என்று விரிவுரையாளரிடம் நேரே கேளுங்கள், பெரும்பாலும் பொயின்ட் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். கேட்க வெட்கமாக இருந்தால் இரண்டு பேராகப் போய்க் கேளுங்கள்.

பாஸ்ட் பேப்பர், அதாவது போன வருஷங்களின் வினாத்தாள், செய்வது குற்றமே இல்லை, தாராளமாகச் செய்யுங்கள். "நாளைக்கு வரப்போறது இதுதான்" என்று வட்ஸ்அப்பில் வருவது வேறு. அதைத் திறக்காதீர்கள், இன்னொரு குரூப்புக்குத் தள்ளாதீர்கள், திணைக்களத்தில் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். 2024 ஜனவரியில் உயர்தர விவசாய விஞ்ஞான வினாத்தாள் வெளியே வந்ததும் அந்தப் பரீட்சையையே ரத்துச் செய்தார்கள், ஒழுங்காகப் படித்து எழுதிய பிள்ளைகளும் மறுபடி உட்கார்ந்து எழுதவேண்டி வந்தது.

இனி, உண்மையிலேயே கஷ்டமான விஷயம்: கூட்டாளி. ஒரே தோட்டம், ஒரே பஸ், அவனுடைய அம்மா உங்களுக்கும் சேர்த்துச் சோறு கட்டிக் கொடுத்திருப்பார். அவன் பின்னாலிருந்து "மச்சான், பேப்பரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு" என்றால், மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. மண்டபத்துக்குள் சொல்லவும் முடியாது, வாய் திறந்தாலே இரண்டு பேரும் மாட்டுவீர்கள். ஆகவே முதல் நாளே சொல்லுங்கள்: "மச்சான், உள்ளுக்கு நான் காட்டமாட்டேன், இப்ப வா, இரவு எத்தனை மணியானாலும் சொல்லித் தாறேன்." சொன்னபடி உட்கார்ந்து சொல்லியும் கொடுங்கள், சும்மா உபதேசம் மட்டும் செய்தால் அவன் கோபப்படுவது நியாயம்தான். காட்டியவருக்கும் பார்த்தவருக்கும் தண்டனை உண்டு என்பதைப் பலர் மாட்டிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

நுவரெலியா, ஹட்டன் குளிரில் ஜெர்சி இல்லாமல் யாரும் மண்டபத்துக்குப் போகமாட்டோம். அதன் பொக்கட்டில்தான் பஸ்ஸில் பார்த்த நோட்ஸ் துண்டு மறந்து கிடக்கும்! வாசலிலேயே எல்லாப் பொக்கட்டையும் வெளியே இழுத்துப் பாருங்கள். கல்குலேட்டர் மூடியின் உட்பக்கம், அடிமட்டத்தின் பின்பக்கம், அனுமதி அட்டை, உள்ளங்கை, எதிலும் பேனா பட்டிருக்கக் கூடாது. ஃபோனை அணைத்துப் பையோடு வெளியே வையுங்கள், ஸ்மார்ட் வோச்சும் அப்படியே. மேசையில் உங்களுக்கு முதல் யாரோ கிறுக்கிவிட்டுப் போன சூத்திரம் இருந்தால் வினாத்தாள் தருவதற்கு முன்பே கையை உயர்த்தி நோக்குநருக்குக் காட்டிவிடுங்கள். பிறகு சொன்னால் நம்புவது கஷ்டம்.

உடம்பு சரியில்லாவிட்டால் காய்ச்சலோடு போய் எதையாவது பார்த்து எழுதாதீர்கள், மெடிக்கல் (மருத்துவச் சான்றிதழ்) கொடுங்கள். எத்தனை நாளுக்குள், யாரிடம் என்பது கம்பஸுக்குக் கம்பஸ் மாறும், கையேட்டில் இருக்கும். மண்சரிவில் பாதை மூடிக்கிடந்தால் அங்கிருந்தே அழைத்துச் சொல்லுங்கள். படிக்காததற்குப் பொய் மெடிக்கல் எடுப்பதும் கொப்பி அடிப்பதும் ஒரே கணக்குத்தான், என் பார்வையில்.

வீட்டிலிருந்து எழுதும் ஒன்லைன் குவிஸ் என்றால், லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சிக்னல் விழாத இடம் எது என்று முன்கூட்டியே பார்த்து, பிரச்சினை வரும் என்றால் முதலே விரிவுரையாளருக்கு அறிவியுங்கள். லைன் அறுந்தால் ஸ்கிரீன்ஷொட் எடுத்து உடனே அனுப்புங்கள். போடிங்கில் நாலு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்து செய்யாதீர்கள், பிழையும் ஒரே மாதிரி வரும். ஒப்படைக்கு சட்ஜிபிடி பாவிக்கலாமா என்பதை அந்தப் பாடத்தின் விரிவுரையாளர்தான் சொல்லவேண்டும், அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பது அனுமதி ஆகாது.

மாட்டிவிட்டால்? தாளைப் பறிக்காதீர்கள், கிழிக்காதீர்கள், வாயில் போட்டு விழுங்காதீர்கள். விளக்கம் எழுதச் சொன்னால் நடந்ததை அப்படியே எழுதுங்கள்.

செய்முறைச் சோதனையோ வைவாவோ (வாய்மொழிச் சோதனை) பல குழுவாக நடந்தால், முதலில் எழுதிவிட்டு வருகிறவர் வாசலில் நிற்கவே கூடாது. "என்னடா கேட்டாங்க?" என்று அடுத்த குழு சூழ்ந்துகொள்ளும். "பின்னேரம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நேராகக் கன்டீனுக்குப் போய்விடுங்கள், கடைசிக் குழு முடியும்வரை வட்ஸ்அப்பிலும் ஒன்றும் போடாதீர்கள்.