ஆட்டத்துக்கு முன்பே அணியின் மனத்தைக் கெடுக்கும் தவறுகள்

கால்பந்து அணிகளுக்குப் புதிதாகப் பயிற்சியளிக்க வருபவர்களைச் சில காலமாகப் பக்கத்தில் இருந்து கவனித்து வருகிறேன். ஆட்ட உத்தி, உடற்பயிற்சி, காணொளி அலசல் ஆகியவற்றில் அவர்கள் எங்கள் தலைமுறையைவிட வெகுதூரம் முன்னேறியிருக்கிறார்கள். ஆனால் ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் மட்டும், நாங்கள் தொடக்க காலத்தில் செய்த அதே பிழைகளை அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். தூக்கம் கெடுவது, தாமதமாக வந்து சேர்வது, உடை மாற்றும் அறையிலும் கைபேசியை விடாதது போன்றவற்றை எவரும் சொல்லாமலே அறிவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். பார்வைக்கு நல்ல காரியம் போலத் தோன்றி அணியைக் கவிழ்க்கும் தவறுகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

கடைசிப் பத்து நிமிட வீர உரை

இருப்பதிலேயே அதிக விலை கொடுக்க வைக்கும் தவறு இதுதான். எத்தனையோ முறை பார்த்துவிட்ட பிறகும், இதைக் காணும்போது எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. வார்ம்-அப் முடித்து வீரர்கள் வியர்வையுடன் அறைக்குத் திரும்புகிறார்கள். பயிற்சியாளர் கதவைச் சாத்துகிறார். வாரம் முழுவதும் நிதானமாகப் பேசியவர் திடீரென்று குரலை உயர்த்தி, மானம், குடும்பம், தியாகம், உயிர் என்று அடுக்குகிறார். எல்லோரும் சேர்ந்து கத்துகிறார்கள், அலமாரிகளைத் தட்டுகிறார்கள். வெளியே நிற்பவர்களுக்கு அந்த அணி வென்றுவிட்டது போலவே கேட்கும்.

இளையோர் இறுதி ஆட்டம் ஒன்றில் அப்படிப்பட்ட உரையின்போது நான் அறையின் மூலையில் நின்றிருந்தேன். மைய தடுப்பாட்டக்காரராக ஆடவிருந்த இளைஞர் ஒருவர், உரை தொடங்கும் முன் அமைதியாகக் காலணிக் கயிற்றைக் கட்டி முடித்திருந்தார். உரை நடக்க நடக்க, அந்த முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். பிறகு இன்னும் இறுக்கமாகக் கட்டினார். அதன் பின்னும் கயிற்றின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். முழங்கால் தன்னால் ஆடிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் அதைக் கண்டார், ஆவேசம் ஏறுகிறது என்று மகிழ்ந்து குரலை இன்னும் உயர்த்தினார். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களுக்குள், ஆபத்தே இல்லாத ஒரு பந்துக்காக அந்த இளைஞர் கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பெட்டிக்குள் சறுக்கிப் பாய்ந்தார். பந்து கிடைக்கவில்லை, எதிரணி வீரரின் கால்தான் கிடைத்தது. பெனால்டியும் மஞ்சள் அட்டையும் வந்த பிறகு, மீதி ஆட்டம் முழுவதும் அவர் ஒரு பந்தைக்கூடத் துணிந்து தடுக்கவில்லை. வாரம் முழுவதும் நடந்த பயிற்சியில் அவர் அப்படி ஒரு முறைகூடப் பாயவில்லை.

இது அந்த இளைஞரின் குணக்குறை அல்ல, உடல் இயங்கும் விதம். எழுச்சி அளவு கடந்தால் இதயத் துடிப்பு ஏறுகிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன, கவனத்தின் வட்டம் சுருங்குகிறது. பந்தைப் பெறுவதற்கு முன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கம்தான் முதலில் காணாமல் போகும். அடுத்து, மெல்லத் தட்டிவிட வேண்டிய பாஸ் விறைத்த காலிலிருந்து வேகமாகப் பறக்கும். உளவியலாளர்கள் யெர்க்ஸும் டாட்சனும் 1908-லேயே எலிகளை வைத்துச் செய்த சோதனையில், தூண்டுதல் ஓரளவு வரை கற்றலுக்கு உதவும் என்றும், அதைத் தாண்டினால் குலைக்கும் என்றும், பணி கடினமாக இருக்க இருக்க அந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும் என்றும் கண்டார்கள். கால்பந்தில் ஓடுவதும் மோதுவதும் மட்டுமே வேலை என்றால் ஆவேசம் போதும். நெரிசலுக்கு நடுவே முதல் தொடுதலில் பந்தைக் கட்டுப்படுத்துவதும், எந்தப் பந்துக்குப் போகக் கூடாது என்று தீர்மானிப்பதும் அதைவிட நுட்பமான வேலைகள்.

நேரக் கணக்கையும் பயிற்சியாளர்கள் மறந்துவிடுகிறார்கள். உரை முடிந்தவுடன் ஆட்டம் தொடங்குவதில்லை. நுழைவழியில் வரிசையில் நிற்க வேண்டும், மைதானத்துக்குள் நடக்க வேண்டும், கைகுலுக்க வேண்டும், நாணயம் சுண்டப்படும்வரை காத்திருக்க வேண்டும். ஏற்றிய ஆவேசத்துக்கு அந்த நிமிடங்களில் எந்த வடிகாலும் இல்லை. சிலரிடம் அது அங்கேயே வற்றிப்போய், ஆட்டம் தொடங்கும்போது அவர்கள் களைத்திருப்பார்கள். வேறு சிலரிடம் அது சேர்ந்துகொண்டே போய் முதல் மோதலில் வெடிக்கும்.

எல்லோருக்கும் ஒரே உரை என்பது இதற்குள்ளேயே இருக்கும் இன்னொரு பிழை. யூரி ஹானின் என்ற உளவியலாளர் விளையாட்டு வீரர்களை நெடுங்காலம் ஆராய்ந்து, ஒவ்வொருவரும் சிறப்பாக ஆடும் மனநிலை வெவ்வேறு அளவில் இருக்கிறது என்று காட்டினார். உங்கள் அணியிலேயே பாருங்கள்: ஒருவர் பேசிச் சிரித்தபடி இருந்தால்தான் நன்றாக ஆடுவார், இன்னொருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால்தான் நன்றாக ஆடுவார். மந்தமாக இருக்கும் ஓரிருவரை எழுப்ப வேண்டும் என்று பதினொரு பேரையும் உலுக்குவது, கொதித்துக்கொண்டிருக்கும் உலைக்கு அடியில் விறகைத் திணிப்பதற்குச் சமம்.

உலகம் அறிந்த எடுத்துக்காட்டு, 2014 உலகக் கோப்பையில் பிரேசில் அணி. சொந்த நாட்டில் நடந்த அந்தப் போட்டியில், சமனில் முடிந்த சிலிக்கு எதிரான ஆட்டத்தைத் தீர்மானித்த பெனால்டி உதைகளின்போதே கேப்டன் தியாகோ சில்வா உட்படப் பல வீரர்கள் கண்ணீர் விட்டார்கள். கொலம்பியாவுக்கு எதிரான காலிறுதியில் முன்கள வீரர் நெய்மாரின் முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டது; மஞ்சள் அட்டைகளால் சில்வாவும் அரையிறுதியில் ஆட முடியாமல் போனது. ஜூலை 8 அன்று பெலோ ஹொரிசாண்டேயில் நாட்டுப்பண் ஒலித்தபோது, தடுப்பாட்டக்காரர் டேவிட் லூயிஸும் கோல்கீப்பர் ஜூலியோ சீசரும் நெய்மாரின் சட்டையைக் கையில் ஏந்தி நின்றார்கள். உணர்ச்சியின் உச்சத்தில் களம் இறங்கிய அந்த அணி, 23-ஆம் நிமிடத்திலிருந்து 29-ஆம் நிமிடத்துக்குள் நான்கு கோல்களை வாங்கி, இறுதியில் 1–7 என்று ஜெர்மனியிடம் தோற்றது. உணர்ச்சி மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நடுக்களத்தில் ஆளில்லாத இடைவெளியும், சில்வா இல்லாத தடுப்பும் பெரிய காரணங்கள். ஆயினும் டேவிட் லூயிஸ் தன் இடத்தை விட்டு விட்டு முன்னே ஓடிய விதத்தை மீண்டும் பார்க்கும் எந்தப் பயிற்சியாளரும், துயரத்தையும் ஆவேசத்தையும் எரிபொருளாக நம்பிக் களமிறங்கும் அணிக்கு நேரக்கூடியதை அதில் காணலாம்.

அப்படியானால் அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்வது? வாரம் முழுவதும் பயிற்சியில் பழகிய மூன்று விஷயங்களை மட்டும், வழக்கமான குரலில் நினைவூட்டுங்கள்: பந்து நம்மிடம் இருக்கும்போது முதலில் எங்கே பார்ப்பது, பந்தை இழந்தவுடன் யார் நெருக்குவது, முதல் ஐந்து நிமிடத்தை எப்படி ஆடுவது. அதற்கு மேல் சொல்ல இருப்பதை வார்ம்-அப்பின்போது ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்லிவிடுங்கள். இறுக்கமாக இருப்பவரின் அருகில் போய், "தம்பி, உனக்கு வரும் முதல் பந்தைப் பக்கத்தில் இருப்பவருக்கே கொடுத்துவிடு" என்று சொன்னால் போதும். அவர் மனம் ஒரு சிறிய, செய்யக்கூடிய வேலையைப் பற்றிக்கொள்ளும். மந்தமாக இருப்பவரை இரண்டு மூன்று வேக ஓட்டங்கள் ஓடச் சொல்லுங்கள். அறையை விட்டுக் கிளம்பும் முன், உள்ளிழுப்பதைவிட வெளிவிடும் மூச்சு நீளமாக இருக்கும்படி எல்லோரும் சில முறை மூச்சு விடட்டும். கத்தித்தான் ஆக வேண்டும் என்றால் வீரர்களே கத்தட்டும். அது அவர்களுக்குள்ளிருந்து வரும் அளவோடு நின்றுவிடும்.

"பயப்படாதே, அமைதியாக இரு"

மேலே சொன்னதைப் படித்துவிட்டு, பதற்றத்தையே ஒழிக்க வேண்டும் என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். வெளியிலிருந்து ஊதிப் பெருக்கிய ஆவேசம் வேறு. பெரிய ஆட்டத்துக்கு முன் தானாக எழும் படபடப்பு வேறு. பின்னதை நோயாகக் கருதினால், வீரர் எதிரணியோடு ஆடுவதற்கு முன்பே தன் நெஞ்சுத் துடிப்போடு சண்டை போடத் தொடங்கிவிடுவார். ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசுவதற்கு முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். படபடப்பும் உற்சாகமும் உடலளவில் ஏறக்குறைய ஒன்றே என்பதால், ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வது எளிது. வேகமாகத் துடிக்கும் நெஞ்சைக் கட்டளையிட்டு நிறுத்துவது அப்படி எளிதல்ல. வயிற்றைப் பிசைகிறது என்று ஒரு வீரர் சொன்னால், உடல் ஆட்டத்துக்குத் தயாராகிறது என்று விளக்கிவிட்டு அவர் கையில் பந்தைக் கொடுங்கள்.

செய்யக் கூடாதவற்றின் பட்டியல்

"பெட்டிக்குள் ஃபவுல் செய்துவிடாதே", "பின்னால் பந்தை இழந்துவிடாதே", "அவர்களுக்கு கார்னர் கொடுத்துவிடாதே" என்று பயிற்சியாளர் வரிசையாகச் சொல்லும்போது, வீரரின் மனத்தில் ஃபவுலும் இழந்த பந்தும் கார்னரும்தான் படமாக ஓடுகின்றன. உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் செய்த சோதனையில், வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தவிர்க்க வேண்டிய செயலுக்குப் பதிலாகச் செய்ய வேண்டிய செயலைச் சொல்லுங்கள்: "பெட்டிக்குள் நின்று தடு, அவனை எல்லைக்கோட்டுப் பக்கம் தள்ளு." இப்படி மாற்றிச் சொல்லப் பயிற்சியாளருக்கே பழக்கம் வேண்டும், முந்தைய நாள் எழுதிவைத்துத் திருத்திக்கொள்வது நல்லது.

ஆட்ட நாளில் புதிய உத்தி

பயிற்சியில் ஆடாததை ஆட்டத்தில் கேட்காதீர்கள்.

எதிரணியைப் பற்றியே பேசுதல்

அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதை முந்தைய நாளே சொல்லி முடித்துவிடுங்கள்.

பெஞ்சில் இருப்பவர்களை மறந்துவிடுதல்

மனத் தயாரிப்பு என்றால் ஆடும் பதினொரு பேருக்கு மட்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மாற்று வீரர் வெளியே உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்க்கிறார்; அணி திணறினால் அவர் கோபம் ஏறுகிறது, அதை இறக்கி வைக்க அவருக்கு ஒரு ஓட்டமோ ஒரு பாஸோ கிடையாது. 2015 மார்ச் 22 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக இடைவேளையில் லிவர்பூலுக்காக இறங்கிய ஸ்டீவன் ஜெரார்டு, 38 வினாடிகளில் ஆண்டர் எரேராவை மிதித்துச் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். அத்தனை அனுபவம் உள்ள ஒருவருக்கே அது நேர்ந்ததென்றால், பதினேழு வயது மாற்று வீரரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டத்துக்கு முன்பே மாற்று வீரர்கள் ஒவ்வொருவரிடமும், எந்தச் சூழ்நிலையில் அவர் இறங்கக்கூடும், இறங்கியதும் அவருடைய முதல் வேலை என்ன என்று சொல்லிவையுங்கள். வெளியே இருக்கும்போது அவர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். அவர் ஆடவேண்டிய பக்கத்தில் நிற்கும் எதிரணி வீரர் எந்தக் காலால் ஆடுகிறார் என்று பார்க்கச் சொன்னால், கோபம் வளர்வதற்கு மனத்தில் அதிக இடம் இருக்காது.

ராசி

ராசியான காலுறை தொலைந்தால் தன்னம்பிக்கையும் தொலையும். தன் கையில் இருக்கும் பழக்கங்களை மட்டுமே வீரர் நம்பட்டும்.

பெனால்டியை அதிர்ஷ்டத்திடம் விடுதல்

தோற்றால் வெளியேற வேண்டிய நாக்-அவுட் ஆட்டத்துக்கு முன், பெனால்டி வரை போனால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது, தோல்விக்கான காரணத்தை முன்கூட்டியே தயார் செய்து வைப்பதாகும். இங்கிலாந்து அணி 1990, 1998, 2006 உலகக் கோப்பைகளிலும் 1996, 2004, 2012 யூரோ (ஐரோப்பியக் கோப்பை) போட்டிகளிலும் பெனால்டியில்தான் வெளியேறியது. 1996-இல் தவறவிட்ட கேரத் சவுத்கேட், பயிற்சியாளராக 2018 உலகக் கோப்பைக்கு அணியைத் தயார் செய்தபோது, பல மாதங்களுக்கு முன்பே பெனால்டிப் பயிற்சியைத் தொடங்கினார். நடுவரின் விசில் கேட்டவுடன் அவசரமாக உதைக்காமல், மூச்சு விட்டு, தன் நேரத்தை எடுத்துக்கொண்டு உதைக்க வீரர்கள் பழகினார்கள். கெய்ர் யோர்டெட் என்ற நார்வே ஆய்வாளர் நீண்ட காலமாகச் சொல்லிவந்ததும் இதுவே: அழுத்தத்திலிருந்து சீக்கிரம் தப்பிக்க நினைத்து அவசரப்படுபவர்களே அதிகம் தவறவிடுகிறார்கள். கொலம்பியாவுக்கு எதிராக அந்த அணி பெனால்டியில் 4–3 என்று வென்றது. அதே அணி 2021 யூரோ இறுதி ஆட்டத்தில் இத்தாலியிடம் பெனால்டியில் தோற்றதையும் மறைக்கக் கூடாது. கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் பெனால்டி உதைப்பதற்கென்றே இறக்கப்பட்ட ரேஷ்ஃபோர்டும் சாஞ்சோவும் தவறவிட்டார்கள். ஆட்டத்துக்குள் கால் பதியாமல் நேராகப் பெனால்டி புள்ளிக்குப் போவது மிகப் பெரிய சுமை. உங்கள் பட்டியலைப் போடும்போது அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கோலை வாங்கினால் என்ன செய்வது என்று பேசாமல் விடுவது

கோல் வாங்குவதைப் பற்றி ஆட்டத்துக்கு முன் பேசினால் மனம் தளர்ந்துவிடும் என்று பலர் வாயே திறப்பதில்லை. மனவலிமையைப் பற்றி நிலவும் எண்ணங்களில் இதைவிடத் தவறானதை நான் கண்டதில்லை. பேசாமல் விட்ட அணி, கோல் விழுந்த நொடியில் பதினொரு தனி மனிதர்களாகப் பிரிந்துவிடுகிறது. ஒருவர் நடுவரிடம் ஓடுவார், ஒருவர் கோல்கீப்பரைத் திட்டுவார், முன்கள வீரர் உடனே ஈடுகட்ட வேண்டும் என்று தன் இடத்தை விட்டுவிடுவார், இரண்டாவது கோலும் அந்தக் குழப்பத்திலேயே விழும். "இப்படி நடந்தால், இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்ட திட்டம், வெறும் உறுதிமொழியைவிட நன்றாகச் செயல்படும் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே தெளிவாக வகுத்துவிடுங்கள்: கோல் விழுந்தால் கேப்டன் பந்தை எடுத்துக்கொண்டு நடந்தே நடுவட்டத்துக்கு வருவார், அதற்குள் இரு மைய தடுப்பாட்டக்காரர்களும் தற்காப்பு நடுக்கள வீரரும் ஒன்றுகூடி ஒரே ஒரு வாக்கியம் பேசிக்கொள்வார்கள், ஆட்டம் மீண்டும் தொடங்கியதும் முதல் சில பாஸ்கள் பின்பக்கமாகவே போகும், எல்லோரும் ஒருமுறையாவது பந்தைத் தொட்ட பிறகே முன்னேறுவோம்.

இதை உடை மாற்றும் அறையில் முதல் முறையாகச் சொல்வதில் பயனில்லை. வாரத்தின் நடுவில் நடக்கும் பயிற்சி ஆட்டத்தை, முதல் அணி 0–1 என்று பின்தங்கியிருப்பதாக வைத்துத் தொடங்குங்கள். இடையில் எதிர்பாராத நேரத்தில் விசில் ஊதி, இப்போது ஒரு கோல் விழுந்துவிட்டது என்று அறிவியுங்கள். முதல் வாரத்தில் வீரர்கள் முணுமுணுப்பார்கள். தொடர்ந்து செய்துவந்தால், விசில் கேட்டவுடன் கேப்டனின் கால்கள் தாமாகவே பந்தை நோக்கி நடக்கத் தொடங்கும். அந்த நிலைக்கு அணி வந்துவிட்டால், ஆட்ட நாளில் இதைப் பற்றி ஒரு வரி நினைவூட்டினால் போதும்.