‘வறுமை குறைந்தது’ என்று செய்தி வந்தால் அதை எப்படி வாசிப்பது

வளரும் நாடு எதுவாக இருந்தாலும் சில வருடத்துக்கு ஒருமுறை இந்தச் செய்தி வந்துவிடும்: வறுமை இத்தனை சதவீதம் குறைந்திருக்கிறது. ஆளுங்கட்சி சாதனை என்று சொல்லும், எதிர்க்கட்சி பொய்க்கணக்கு என்று சொல்லும். நடுவில் நிற்கும் நாம் எதை நம்புவது? நான் பதினோரு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கிக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு எடுத்தவள். அந்த எண் எங்கே பிறக்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதை வாசிக்கப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. ஒரு நோட்டு, அந்த வறுமை அறிக்கை, அதே நாட்டின் பட்ஜெட் சுருக்கம், இரண்டு மூன்று மாலைப்பொழுது. இவ்வளவு இருந்தால் ஆரம்பிக்கலாம்.

முதலில் கோடு எங்கே போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வறுமைக்கோடு என்பது யாரோ சிலர் ஓர் அறையில் உட்கார்ந்து எடுத்த முடிவு. உலக வங்கி 1990-ல் ஒரு நாளைக்கு 1 டாலர் என்று ஆரம்பித்தது. 2008-ல் அது 1.25, 2015-ல் 1.90, 2022-ல் 2.15, 2025 ஜூனில் 3 டாலர் ஆனது. இது வங்கியில் மாற்றுகிற டாலர் அல்ல. நாட்டுக்கு நாடு மாறும் விலைவாசியைச் சமன் செய்து போட்ட கணக்கு டாலர். அந்த விலைக் கணக்கு புதுப்பிக்கப்படும்போதும், ஏழை நாடுகள் தங்களுக்கென்று வைத்திருக்கும் கோடுகள் உயரும்போதும் இதுவும் நகரும். கடைசியாக நகர்ந்தபோது, 2022-ம் ஆண்டில் உலகில் கடும் வறுமையில் இருந்தவர்கள் 71.3 கோடி என்ற எண் 83.8 கோடி என்று மாறியது. அதே ஆண்டு, அதே மனிதர்கள், அதே அடுப்பு. பன்னிரண்டரைக் கோடிப் பேர் காகிதத்தில் மட்டும் இடம் மாறினார்கள்.

அதனால் நோட்டில் முதல் வரியாக எழுத வேண்டியது: எந்தக் கோடு, எந்த ஆண்டின் விலை, ஒப்பிடும் இரண்டு ஆண்டுகளுக்கும் ஒரே கோடுதானா? அப்புறம் அடுத்த படிக்கட்டையும் பாருங்கள். உலக வங்கியே 4.20 டாலர், 8.30 டாலர் என்று இன்னும் இரண்டு கோடுகள் வைத்திருக்கிறது. கீழ்க்கோட்டுக்குக் கீழே ஆட்கள் குறைந்து, மேல்கோட்டுக்குக் கீழே அவ்வளவாகக் குறையவில்லை என்றால், மக்கள் கோட்டைத் தாண்டி ஓரடி தள்ளி நிற்கிறார்கள் என்று அர்த்தம். வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் அந்த ஓரடியும் போய்விடும்.

கோட்டை விட முக்கியமானது கேள்வித்தாள். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. “கடந்த 30 நாளில் சோப்புக்கு எவ்வளவு செலவழித்தீர்கள்?” என்று ஒரு அம்மாவிடம் கேட்டால் அவர் கூரையைப் பார்ப்பார், விரல் விடுவார், கடைசியில் குத்துமதிப்பாக ஒன்று சொல்வார். அதையே “கடந்த 7 நாளில்” என்று கேட்டால் மாடத்தில் இருக்கும் சோப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்வார். பெரும்பாலும் இரண்டாவது கேள்வியில்தான் செலவு கூடுதலாக வரும், ஏனென்றால் மறதி குறைவு. செலவு கூடினால் வறுமை குறையும். இந்தியாவில் 1999-2000 கணக்கெடுப்பில் உணவுச் செலவுக்கு இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே படிவத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பதில் சொல்பவர் ஒன்றோடு ஒன்று பொருந்துகிற மாதிரி சொல்ல ஆரம்பித்துவிடுவார், கேட்பவரும் அப்படியே எழுதிவிடுவார். அந்தச் சுற்றில் வறுமை 36 சதவீதத்திலிருந்து 26 சதவீதமாக இறங்கியதாக அரசு சொன்னது. அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கேள்வித்தாள் செய்த வேலை என்று பொருளாதார அறிஞர்கள் வருடக்கணக்கில் வாதாடினார்கள். ஆகவே அறிக்கையின் பின்னிணைப்புக்குப் போய், இந்தச் சுற்றின் கேள்விகளும் போன சுற்றின் கேள்விகளும் ஒன்றுதானா என்று பாருங்கள். மாறியிருந்தால் இரண்டு எண்களுக்கும் நடுவில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். நேரடியாக ஒப்பிட முடியாது.

இனி ஏற்றத்தாழ்வு. இங்கே ஒரு வீட்டின் இரும்புக் கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வசதியானவர்கள் வாழும் ஒரு தெரு. என் பட்டியலில் ஏழாவது வீடு. பச்சை பெயிண்ட் அடித்த உயரமான இரும்புக் கேட், அதில் ஆள் முகம் மட்டும் தெரிகிற அளவுக்கு ஒரு சிறு ஜன்னல். முதல் நாள் போனேன், ஐயா ஊரில் இல்லை. மூன்றாம் நாள், அம்மா ஓய்வெடுக்கிறார். இப்படி நான்கு தடவை. காவலாளிக்கே என்னைப் பார்க்கப் பாவமாக இருந்தது, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கடைசியில் படிவத்தில் ‘பதில் இல்லை’ என்று குறித்தேன். விதிப்படி மாற்று வீடு ஒன்று கொடுத்தார்கள். இரண்டு தெரு தள்ளி, பள்ளிக்கூட எழுத்தர் ஒருவரின் இரண்டு அறை வீடு. அவர் மனைவி பொறுமையாக ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். அன்றைக்கு நாட்டின் கணக்கில் ஒரு மாளிகை இருந்த இடத்தில் ஓர் எழுத்தர் வீடு ஏறியது. நான் தப்பு எதுவும் செய்யவில்லை, விதியைத்தான் பின்பற்றினேன். ஆனாலும் அந்தக் கேட் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. கூலி வேலை செய்பவர் வீட்டுக் கதவு எங்களுக்குப் பெரும்பாலும் திறந்துவிடும். திறக்காத கதவுகள் எப்போதும் மேலே இருப்பவர்களுடையவை.

இந்த ஒரு கேட்டைப் பல ஆயிரத்தால் பெருக்கிப் பாருங்கள். செலவுக் கணக்கெடுப்பை வைத்துச் சொல்லும் ஏற்றத்தாழ்வு ஏன் உண்மையை விடச் சின்னதாகத் தெரிகிறது என்பது புரியும். பிரேசில் இதற்கு நல்ல பாடம். 2000-களில் அங்கே ஏழைக் குடும்பங்களுக்கு நேரடிப் பணம் தரும் போல்சா ஃபமீலியா திட்டம் வந்தது, குறைந்தபட்ச ஊதியமும் விலைவாசியைத் தாண்டி உயர்ந்தது. கணக்கெடுப்பின்படி ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரிய இறங்கியது. கீழே இருந்தவர்கள் வாழ்க்கை நிஜமாகவே மேம்பட்டது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் ஆய்வாளர்கள் வருமான வரித் தாக்கல் விவரங்களை எடுத்துப் பார்த்தபோது, உச்சியில் இருந்த 1 சதவீதத்தினர் கையில் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு இருந்தது, அது அசையவும் இல்லை. அந்த நாட்டில் 1996-லிருந்து கம்பெனி லாபப் பங்குக்குத் தனிநபர் வருமான வரி கிடையாது. அதிகம் சம்பாதிப்பவர்களின் லாபப் பங்கு மீது மறுபடி வரி வைக்க 2025 கடைசி வரை ஆனது. எனவே ‘ஏற்றத்தாழ்வு குறைந்தது’ என்று வாசித்தால் கேளுங்கள்: வரித் தாக்கல் விவரம் சேர்க்கப்பட்டதா, பதில் தராத வீடுகள் எத்தனை?

ஏற்றத்தாழ்வை அளக்கும் ஜினி எண்ணைப் பற்றிச் சுருக்கமாக: 0 என்றால் எல்லோருக்கும் சமம், 1 என்றால் எல்லாம் ஒருவர் கையில். உலக வங்கியின் 2014-ம் ஆண்டுக் கணக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு அது 0.63, உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. வருமானத்தில் போட்ட ஜினியையும் செலவில் போட்ட ஜினியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். செலவில் போட்டது பெரும்பாலும் சின்னதாகவே வரும்.

இன்னொன்று, படிவம் குடும்பத்தை ஒரே ஆளாகப் பார்க்கிறது. மொத்தச் செலவைத் தலை எண்ணிக்கையால் வகுத்துவிடும். கடைசியாகச் சாப்பிடுபவர் யார், பள்ளியை விட்டு முதலில் நிறுத்தப்படுவது எந்தக் குழந்தை என்பதெல்லாம் அதில் விழாது. கோட்டுக்கு மேலே என்று எழுதிய வீடுகளில் கோட்டுக்குக் கீழே வாழும் பெண்களை நான் நிறையப் பார்த்தேன்.

சரி, இப்போது பட்ஜெட்டை எடுங்கள். வறுமையின் அரசியல் அங்கேதான் இருக்கிறது. வரி வருமானத்தில் எவ்வளவு பொருள்கள் மீதான வரி, எவ்வளவு வருமானம், சொத்து மீதான வரி என்று பிரித்து எழுதுங்கள். சோப்பு வாங்கும்போது கட்டுகிற வரி கூலியாளுக்கும் முதலாளிக்கும் ஒன்றுதான். கூலியாள் கையில் வருவது முழுவதும் செலவாகிவிடுவதால் அவருக்குப் பாரம் அதிகம். இலங்கையில் 2019 இறுதியில் பொருள், சேவை மீதான மதிப்புக் கூட்டு வரியை 15-லிருந்து 8 சதவீதமாக வெட்டினார்கள், வருமான வரி வரம்பையும் தாராளமாக உயர்த்தினார்கள். அரசின் வருமானம் சரிந்தது, கடன் மேல் கடன், கூடவே பெருந்தொற்று. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தினார்கள். உலக வங்கி அப்போது வைத்திருந்த 3.65 டாலர் கோட்டின்படி (இப்போதைய 4.20-க்கு முந்தையது) 2021-ல் 13 சதவீதமாக இருந்த வறுமை அடுத்த ஆண்டே 25 சதவீதமானது. 2024 ஜனவரியில் அதே மதிப்புக் கூட்டு வரி 18 சதவீதம். வருமான வரம்பு உயர்ந்ததில் லாபம் பார்த்தவர்களும், பின்னால் 18 சதவீதம் கட்டுகிறவர்களும் ஒரே ஆட்கள் அல்ல என்பதை நோட்டில் தனியாக எழுதி வையுங்கள்.

மானியம் என்ற வார்த்தையைக் கண்டவுடன் ஏழைக்கானது என்று முடிவு செய்யவும் வேண்டாம். எரிபொருள் மானியத்தைப் பல வளரும் நாடுகளில் ஆராய்ந்த ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) ஆய்வாளர்கள், மேல்தட்டு 20 சதவீதத்தினருக்குக் கீழ்த்தட்டு 20 சதவீதத்தினரைப் போல ஆறு மடங்கு போகிறது என்று கண்டார்கள். கார் வைத்திருப்பவருக்குத்தானே பெட்ரோல். ஆனாலும் அதைத் திடீரென்று நிறுத்தினால் பஸ் கட்டணம் ஏறி முதலில் அடிபடுவது கீழே இருப்பவர். மானியத்தை எடுப்பதற்கு முன் கையில் பணம் கொடுத்தார்களா, அந்தப் பணம் விலைவாசியோடு சேர்ந்து ஏறுகிறதா என்று பாருங்கள். ஈரான் 2010-ல் எல்லோருக்கும் மாதப் பணம் கொடுத்துத்தான் எரிபொருள் விலையை ஏற்றியது. தொகையை உயர்த்தாமலே விட்டதால் சில வருடங்களில் பணவீக்கம் அதைத் தின்றுவிட்டது.

பட்ஜெட்டில் ஒதுக்கியது போய்ச் சேர்ந்ததா என்பது அடுத்த கேள்வி. உகாண்டாவில் 1990-களில் ஆரம்பப் பள்ளிகளுக்கு மாணவர் தலைக்கு இவ்வளவு என்று மத்திய அரசு பணம் அனுப்பியது. 1991 முதல் 1995 வரைக்கான கணக்கைப் பள்ளிப் பள்ளியாகப் போய்ப் பார்த்தபோது, சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளியைத் தொட்டிருந்தது. என்னை உறுத்தியது அடுத்த விஷயம்: வசதியான பெற்றோர் இருந்த பள்ளிகளுக்குக் கூடுதலாகக் கிடைத்திருந்தது. அவர்களுக்கு மாவட்ட அலுவலகத்தில் போய்ச் சண்டை போடத் தெரியும், அதற்குப் பேருந்துக் காசும் இருக்கும். அதன்பின் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று அரசு செய்தித்தாளில் போட ஆரம்பித்தது, பள்ளிச் சுவரிலும் ஒட்டச் சொன்னது. 2001-ல் 80 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தது. நீங்கள் படிக்கிற நாட்டிலும் ஒரே ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு அனுப்பிய தொகை, சேர்ந்த தொகை இரண்டையும் தேடுங்கள். இரண்டாவது எண் எங்குமே கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

கடைசியாக நிலம். வருமானக் கணக்கு இன்றைக்கு நடப்பதைச் சொல்லும். அது எப்படி இப்படியானது என்று தெரிய, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 1913 சட்டம் கறுப்பின மக்களை நாட்டின் சுமார் 7 சதவீத நிலத்துக்குள் அடக்கியது, 1936-ல் அதைச் சுமார் 13 சதவீதமாக்கினார்கள். 1994-ல் ஓட்டுரிமை வந்தது, நிலம் அதோடு சேர்ந்து வரவில்லை. முன்னால் சொன்ன 0.63 என்ற ஜினி எண்ணுக்கு அடியில் இந்த வரலாறுதான் கிடக்கிறது. தைவானில் 1949-ல் குத்தகையை விளைச்சலில் 37.5 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றார்கள், 1953-ல் உழுதவருக்கே நிலத்தைக் கொடுத்தார்கள். தென்கொரியாவிலும் கிட்டத்தட்ட அதே காலத்தில் நடந்தது. பெரும்பாலான நாடுகளில் காகிதத்தோடு நின்ற சட்டம் தைவானில் எப்படி நிறைவேறியது? அங்கே சட்டம் போட்ட ஆட்சியாளர்கள் சீனப் பெருநிலத்திலிருந்து வந்தவர்கள். பறிபோகும் நிலம் அவர்களுடையது இல்லை, அவர்கள் மாமன் மச்சானுடையதும் இல்லை. பக்கத்தில் கம்யூனிசப் பயம் வேறு. எந்த நாட்டின் நிலச் சட்டத்தைப் படித்தாலும் அதை நிறைவேற்ற வேண்டிய சட்டமன்றத்தில் நிலவுடைமையாளர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

இவ்வளவும் முடிந்ததும் அந்த நாட்டின் புள்ளியியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நீளம் வேண்டாம், மூன்று கேள்வி போதும். எத்தனை வீடுகளில் பதில் கிடைக்கவில்லை, அவை எந்த மாதிரிப் பகுதிகளில் இருக்கின்றன? போன சுற்றுக்கும் இந்தச் சுற்றுக்கும் கேள்வித்தாளில் என்ன மாற்றம்? பெயர் நீக்கிய வீட்டுவாரித் தரவு என்றைக்கு வெளியாகும்? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். இந்தியாவில் 2017-18-ல் எடுத்த நுகர்வுக் கணக்கெடுப்பின் முடிவுகளை வெளியிடப் போவதில்லை என்று 2019 நவம்பரில் அரசு அறிவித்தது. அடுத்த கணக்கெடுப்பு 2022-23-ல்தான் நடந்தது. அந்த இடைவெளியில் வறுமை பற்றிப் பேசியவர்களில் பலர் பத்து வருடப் பழைய எண்ணை இழுத்து நீட்டித்தான் பேசினார்கள். கடிதத்தின் நகல் ஒன்றை அதே நோட்டில் ஒட்டி, அனுப்பிய தேதியைப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.