ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையை வகுப்பில் சொல்லிக்கொடுப்பது எப்படி?

கல்லூரி மாணவர்களைப் போலிச் சிறையில் காவலராகவும் கைதியாகவும் நடிக்கவைத்த உளவியல் சோதனை இது; காவலர் சிலர் கைதிகளைக் கொடுமைப்படுத்தியதால் பாதியில் நின்றது. முதலில் பலகையில் எழுதுங்கள்: ஆகஸ்ட் 1971, பல்கலைக்கழக நிலவறை, நாளுக்கு 15 டாலர் கூலி, இரண்டு வாரத் திட்டம், 6 நாளில் நிறுத்தம். யார் காவலர், யார் கைதி என்பது குலுக்கலில் முடிவானது.

அடுத்து உடை. காவலருக்குக் காக்கி, தடி, கண்ணை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. கைதிக்குப் பெயருக்குப் பதில் எண், காலில் சங்கிலி. இவை இருவரையும் எப்படி மாற்றும் என்று மாணவரே சொல்லட்டும்.

பலர் சறுக்குவது முடிவில்தான்: 'அதிகாரம் கிடைத்தால் எவரும் கொடியவர்' என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் அப்படி முடிக்க முடியாது. சோதனையை நடத்திய ஆய்வாளர் ஜிம்பார்டோவே சிறைக் கண்காணிப்பாளராக இருந்தார். காவலர் ஒருவரைக் கடுமைகாட்டத் தூண்டும் ஒலிப்பதிவும் உண்டு. எல்லாக் காவலரும் கொடுமை செய்யவுமில்லை. பின்னாளில் பிரிட்டனில் உளவியலாளர்கள் ஹாஸ்லம், ரெய்ச்சர் நடத்திய இதேபோன்ற ஆய்வில் காவலர்கள் ஒன்றுசேரவே இல்லை. கைதிகள் அவர்களைக் கவிழ்த்தார்கள்.

வகுப்பில் வேடம் கட்டி நடிக்க மட்டும் விடாதீர்கள். ராகிங்குக்கு நாமே ஒத்திகை வைத்ததாகிவிடும்.