செவ்வழுகலை விரட்டினேன்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வீட்டுக்குப் பின்னால், பொங்கலுக்கும் ஜூஸ் கடைக்காரருக்கும் கொடுக்கவென்று கொஞ்சம் கரும்பு வைத்திருக்கிறேன். முன்பு ஒரு மழைக்காலத்தில், மேலிருந்து மூன்றாவது நாலாவது சோகை (கரும்பு இலை) மஞ்சளாகிக் காய ஆரம்பித்தது. உரக் குறை என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். பாராங் கத்தியை எடுத்து ஒரு கழியை நீளவாக்கில் பிளந்தேன்: உள்ளே சிவப்பு, நடுநடுவே குறுக்காக வெள்ளைத் திட்டு, புளித்த கள் வாடை. செவ்வழுகலேதான், பூஞ்சை வேலை.

மருந்தடித்து இதைக் காப்பாற்ற முடியாது. நோய் கண்ட தூரை வேரோடு தோண்டி எரித்தேன், தண்ணீர் தேங்கிய பக்கம் வாய்க்கால் வெட்டினேன், அந்த இடத்தில் மறுதாம்பு (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் கரும்பு) விடாமல் ஒரு போகம் மரவள்ளி போட்டேன். அப்புறம் நடுவதற்கான கரும்புத் துண்டை, அதாவது கரணையை, வேறு தோட்டத்திலிருந்து வாங்கினேன், வெட்டுவாய் கொஞ்சம் சிவந்திருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டு, கத்தியை அவ்வப்போது குளோராக்ஸ் (பிளீச்) கலந்த தண்ணீரில் முக்கி எடுத்துத்தான் வெட்டினேன்.

கரணையை 50 டிகிரி வெந்நீரில் 2 மணி நேரம் வைப்பது மறுதாம்புக் குட்டை நோய் என்ற வேறொரு கரும்பு நோய்க்குச் சரி, இதற்கு அதை மட்டும் நம்ப முடியாது. ரகத்தை நம்பியும் சும்மா இருக்க முடியாது, வட இந்தியாவில் ஓகோவென்று இருந்த கோ 0238 என்ற கரும்பு ரகமே இந்த நோயில்தான் சாய்ந்தது.

இப்போதைய கரும்பு சுத்தமாக இருக்கிறது, ஜூஸ் கடைக்காரர் மறுபடி எடுக்கிறார், விலையைத்தான் ஏற்ற மாட்டேன் என்கிறார்.