மலிவு சிம்பல்: பார்த்து வாங்க, விரிசல் விழாமல் வாசிக்க

தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் கல்யாண மண்டபத்திலும் வாசிக்கிற இசைக்குழுக்கள் பலவற்றில், டிரம்ஸ் செட்டோடு சேர்ந்து வந்த சிம்பல்தான் (ஸ்டாண்டில் மாட்டி ஸ்டிக்கால் அடிக்கும் உலோகத் தட்டு) இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நாளில் விளிம்பு சுருண்டுவிடும், இல்லையென்றால் விரிசல் விழும். 'மலிவு சாமான், வேறென்ன?' என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். இதில் பாதிதான் சரி. சத்தம் உலோகத்தால் வருவது. ஆயுளோ, பெரும்பாலும் ஸ்டாண்டில் மாட்டுகிற விதத்திலும் கை விழுகிற விதத்திலும் இருக்கிறது.

முதலில் உலோகம். பித்தளைக் குடத்தைத் தட்டினால் 'டங்' என்று சொல்லிச் சட்டென அடங்கிவிடும். பஜனைத் தாளத்தைத் தட்டினால் ஓசை நீண்டு, அலையலையாக நெளிந்து ஓயும். குடம் செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை. தாளம் செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம். சிம்பலிலும் இதே வித்தியாசம்தான். பெட்டியில் எம்எஸ்63 என்று போட்டிருந்தால் அது 63 விழுக்காடு செம்புள்ள பித்தளை. கடையில் பார்க்கும் சிம்பல் பெயர்களில் மெய்னல் எச்சிஎஸ், பைஸ்டி 101, சேபியன் எஸ்பிஆர், ஜில்ஜியன் பிளானட் இசட் எல்லாம் பித்தளை வகை. பி8 என்பது 92 பங்கு செம்பு, 8 பங்கு வெள்ளீயம். சேபியன் பி8எக்ஸ், பைஸ்டி பிஎஸ்டி 7, ஜில்ஜியன் ஐ வரிசை ஆகியவை இந்த வகை. ஜில்ஜியன் எஸ் வரிசையில் வெள்ளீயம் 12 விழுக்காடு. பி20 என்பது 20 பங்கு வெள்ளீயம் உள்ள, நம் தாளத்துக்கு மிக அருகில் வரும் கலவை. சேபியன் எக்ஸ்எஸ்ஆரில் அது கிடைக்கும்.

எண் ஏறினால் தரமும் ஏறும் என்று கணக்குப் போட வேண்டாம். 1971-இல் வந்த பைஸ்டி 2002 வெறும் பி8 தகடுதான். பெரிய ராக் மேடைகளில் இன்றுவரை முழங்குகிறது. தகட்டை எப்படித் தட்டி, எப்படிக் கடைந்திருக்கிறார்கள் என்பதில் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. ஆனால் பித்தளைக்கும் பி8-க்கும் உள்ள இடைவெளியைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். பித்தளை கிராஷ் (அழுத்தத்துக்காக ஓங்கி ஒருமுறை அடிக்கும் சிம்பல்) தட்டுச் சத்தமாய்த் தொடங்கி உடனே செத்துவிடும். பி8 கூர்மையாகக் கிளம்பி, கீபோர்டையும் பாஸையும் கிழித்துக்கொண்டு வெளியே வரும். தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் உள்ள மண்டபத்தில் அந்தக் கூர்மையே காதைக் குத்தும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் அதிகம் வாசிப்பவர்கள் கனத்த கிராஷ் வாங்க வேண்டாம். ஒரே அளவில் மெல்லிய தகடு தாழ்ந்த சுருதியில் பேசும், சீக்கிரம் ஓயும்.

கையில் இருக்கிற பணம் நாலு தட்டுக்குப் போதவில்லை என்றால், முதலில் ஹை-ஹாட்டை (காலால் மிதித்து மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) மட்டும் மாற்றுங்கள். பாட்டு முழுக்க ஓடுவது அதுதான். கிராஷ் பல்லவிக்கு ஒருமுறை. 14 அங்குல பி8 ஹை-ஹாட் ஜோடி வந்துவிட்டால், பழைய பித்தளை கிராஷை வைத்துக்கொண்டே ஒரு வருடம் ஓட்டலாம். அடுத்தது 20 அங்குல ரைட் (தொடர்ந்து அடித்துக்கொண்டே போகும் பெரிய தட்டு), கடைசியாக 16 அங்குல கிராஷ். புதுப் பித்தளையை விட, விரிசல் இல்லாத பழைய வெண்கலம் எப்போதும் மேல்.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வரை போய் வாங்கினாலும் சரி, இன்னொரு டிரம்மரிடம் பழையதாக வாங்கினாலும் சரி, நீங்கள் வாசிக்கும் ஸ்டிக்கையும் ஒரு டார்ச் லைட்டையும் எடுத்துப் போங்கள். தட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கி விளிம்பைப் பாருங்கள். அலை மாதிரி நெளிந்திருந்தால் வேண்டாம். நகத்தை விளிம்பில் வைத்து ஒரு சுற்று ஓட்டுங்கள். நகம் மாட்டுகிற இடத்தில் பொடி வெட்டு இருக்கிறது, விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். தட்டைக் கவிழ்த்து, பெல்லின் (நடுவில் கிண்ணம் மாதிரி எழும்பிய பகுதி) உட்புறத்தையும் நடு ஓட்டையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு ஓட்டையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, விளிம்பைச் சுற்றி அங்குலத்துக்கு அங்குலம் மெல்லத் தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் 'கர்ர்' என்று கரகரத்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டு.

இனி மாட்டுவது. இதைக் கவனித்தாலே பாதிச் சண்டை தீர்ந்தது. ஸ்டாண்டின் இரும்புத் தண்டில் மரை இருக்கிறது. அதன்மேல் பிளாஸ்டிக் ஸ்லீவ் இல்லாமல் சிம்பலை வைத்தால், ஒவ்வொரு அடிக்கும் மரை அரம் மாதிரி ஓட்டையை ராவும். நாளடைவில் வட்ட ஓட்டை சாவித் துவாரம் மாதிரி நீளும், அங்கிருந்து பெல் வரை விரிசல் ஏறும். ஸ்லீவ் தொலைந்துவிட்டால் ஹார்ட்வேர் கடையில் உள்விட்டம் 8 மில்லிமீட்டர் உள்ள பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம் வாங்குங்கள். 3 செண்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கித் தண்டில் செருகுங்கள். சிம்பல் ஓட்டை ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் என்பதால் குழாயின் சுவர் ரொம்பத் தடிப்பாக இருக்கக்கூடாது. தட்டு குழாயை இறுகப் பிடித்தால் அதுவும் தவறு. கீழே ஒரு இரும்பு வாஷர், அதன்மேல் ஒரு ஃபெல்ட் (தடித்த கம்பளி வட்டம்), சிம்பல், இன்னொரு ஃபெல்ட், கடைசியில் விங் நட் (கையால் திருகும் இறக்கை நட்). ஃபெல்ட் நசுங்கித் தகடாகிவிட்டால் மாற்றுங்கள். மோட்டார் டியூப்பை வட்டமாக வெட்டிப் போடுகிறவர்கள் உண்டு. ஒரு நிகழ்ச்சிக்குத் தாங்கும், ஆனால் ரப்பர் ஓசையை விழுங்கும்.

விங் நட்டை முறுக்குவதுதான் சிம்பலைக் கொல்கிற முதல் காரணம். இறுக்கிவிட்டால் அடியின் வேகம் போக வழியில்லாமல் தகட்டிலேயே தங்கி, விளிம்பிலும் பெல்லின் அடியிலும் வேலையைக் காட்டும். விளிம்பை ஒரு விரலால் அழுத்திவிட்டால் தட்டு ஊஞ்சல் மாதிரி நாலைந்து முறை ஆடித் தானாக நிற்க வேண்டும். ஆட்டத்தில் நட் கழன்று விழுகிறதே என்று பயந்து இறுக்காதீர்கள், இரண்டாவது நட் ஒன்றைப் பூட்டுங்கள்.

கிராஷை உங்கள் பக்கம் 10 முதல் 15 டிகிரி சாய்த்தால் போதும். செங்குத்தாகத் தூக்கி வைத்தால் ஸ்டிக் விளிம்பில் நேராக, கோடரி மாதிரி விழும். படுக்கையாக வைத்தாலும் அதே கதைதான். ஸ்டிக்கின் தோள்பட்டை (நுனிக்குச் சற்றுக் கீழே சரியும் பகுதி) விளிம்பைத் தொட்டதும் மணிக்கட்டைப் பக்கவாட்டில் இழுத்துவிடுங்கள், சிம்பலைத் துளைத்துக்கொண்டு போகிற மாதிரி அடிக்காதீர்கள். மெல்லிய பித்தளை இந்த அடிக்கு வளையும், சில சமயம் குடை மாதிரி பின்பக்கம் திரும்பிக்கொள்ளும். கையாலேயே தள்ளித் திருப்பிவிடலாம். பி8 வளையாது, விரிசல் விடும்.

ஹை-ஹாட் 'சிக்' என்று கடிக்காமல் 'புஸ்' என்று காற்றை விட்டால் தட்டைக் குறை சொல்லாதீர்கள். கீழ்த்தட்டின் அடியில் இருக்கும் சாய்வுத் திருகை மெல்லத் திருப்பி, ஒரு பக்கம் 3 மில்லிமீட்டர் உயர்த்துங்கள். காற்று வெளியேற வழி கிடைத்ததும் கடி வந்துவிடும். கனமான தட்டு எப்போதும் கீழே.

ரைட் ஒரே இரைச்சலாக ஓடினால், துணி டேப்பில் 5 செண்டிமீட்டர் வெட்டி அடிப்பக்கம் ஒட்டுங்கள், பெல்லுக்கும் விளிம்புக்கும் நடுவில். ஒரு துண்டு போதும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வைக் கை பட்ட இடம் இரண்டு வாரத்தில் கறுத்து, பிறகு பச்சை பூக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் பழைய கைலித் துணியால் ஈரம் போகத் துடைப்பதே போதுமான பராமரிப்பு. வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்கலாமா என்றால், தேய்க்கலாம், வருடத்துக்கு ஓரிரு முறை. கடைசல் வரி (தகட்டின்மேல் வட்டமாகத் தெரியும் மெல்லிய கோடு) ஓடும் திசையிலேயே வட்டமாகத் தேய்த்து, இரண்டு நிமிடத்தில் கழுவி, உடனே துடைத்து வெயிலில் வையுங்கள். பித்தளையில் புளியை ஊறவிட்டால் துத்தநாகம் கரைந்து, தகடு திட்டுத் திட்டாகச் செந்நிறமாகும். அச்சடித்த பெயர் இருக்கும் இடத்தைத் தொடாதீர்கள். லோரியில் ஏற்றும்போது தட்டுக்குத் தட்டு துணி வைத்துப் படுக்கையாக அடுக்குங்கள். விளிம்பு தரையில் நிற்கக்கூடாது.

இத்தனைக்கும் பிறகு விரிசல் விழுந்தால் அன்றைக்கே கவனியுங்கள். மோட்டார் பட்டறையில் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பார்கள், வேண்டாம். சூடு பட்ட இடத்தில் தகட்டின் விறைப்பு போய்விடும், பக்கத்திலேயே அடுத்த விரிசல் வரும். முதலில் விரிசலின் நுனியைக் கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவதைவிட அது நீளமானது. அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, சுத்தமாகத் துடைத்து, மேலே விபூதியை மெல்லத் தூவுங்கள். விரிசலுக்குள் தங்கிய எண்ணெய் கசிந்து வந்து, வெள்ளைப் பொடியில் மயிரிழை மாதிரி ஈரக் கோடு போடும். கோடு முடியும் இடத்துக்கு 2 மில்லிமீட்டர் தாண்டிப் புள்ளி குத்தி, அடியில் பலகை வைத்து, 3 மில்லிமீட்டர் துரப்பண ஊசியால் மெதுவாக ஓட்டையிடுங்கள். இரண்டு பக்கமும் பிசிறை எடுத்துவிடுங்கள். விரிசல் கடைசல் வரியோடு வளைந்து போயிருந்தால் ஓட்டை மட்டும் போதாது. அந்தப் பகுதியைப் பிறை வடிவில் அறுத்தெடுத்து, அரத்தாலும் 400 நம்பர் மணல்தாளாலும் மழுமழுவென்று தேய்க்க வேண்டும். கிரைண்டர் வைத்தால் தகடு சூடேறாமல் விட்டுவிட்டு அறுங்கள். முகமூடியும் கண்ணாடியும் அவசியம்.

பிறை வெட்டு இரண்டு மூன்று அங்குலத்தைத் தாண்டிவிட்டால் கிராஷாக அது பேசாது. அதைத் தூக்கிப் போடாமல், சின்னத் தட்டு ஒன்றின்மேல் ஃபெல்ட் இல்லாமல் கவிழ்த்து ஒன்றாகப் பூட்டுங்கள். கைதட்டல் மாதிரி 'சட்' என்று வெட்டி நிற்கும் ஓசை கிடைக்கும், குத்துப்பாட்டின் இடைவெட்டுகளுக்கு நன்றாகப் பொருந்தும்.